இப்பதானே ஆரம்பிச்சிருக்கு

2019 ஏப்ரல் முதல் வாரம். எங்கள் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். பால்டிமோரில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வுபெற இன்னும் ஓரிரு வருடம் இருந்தது. அவருடைய பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் ஐந்து ஆட்டம் ஆடி நான்கில் ஜெயித்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் 115 ஆட்டங்களில் தோற்ற அணி அது. "நாலு வெற்றி, ஒரு தோல்வி. சீசனை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று லீக் கமிஷனருக்கு யாராவது ஒரு கடிதம் போடுங்களேன்" என்றார்.

மேசையின் இந்தப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர், வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆட்கள், எதற்கும் சிரிக்கிற நிலையில் இல்லை.

நான் இருப்பது மேரிலாந்தில், இரண்டு ஊர்களுக்கும் நடுவில். பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நாற்பது மைல்தான். அதனால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஆரஞ்சு நிறத் தொப்பி, பாதிப் பேர் சிவப்பு. நான் சிவப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மெட்ரோ ரயிலில் ஏறினால் நேவி யார்டில் இறங்கி நடந்தே ஸ்டேடியத்துக்குப் போய்விடலாம். அவ்வளவுதான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை ஓர் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். நம் ஐபிஎல்லில் லீக் சுற்று 14 ஆட்டம். அந்த விகிதத்தில் பார்த்தால் பேஸ்பாலில் முதல் பத்து ஆட்டம் என்பது ஐபிஎல்லில் ஒரு முழு ஆட்டம்கூட இல்லை. முதல் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுகிற அணியின் பதினைந்தாவது ஓவரில் டிவியை அணைத்துவிட்டு, "இந்த வருஷம் கோப்பை நமக்கு இல்லை" என்று எழுந்து போவது மாதிரிதான் பேஸ்பால் ரசிகன் ஏப்ரலில் நடந்துகொள்கிறான்.

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'இப்பதானே ஆரம்பிச்சிருக்கு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஏப்ரலில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும். முதல் வாரத்தில் அது வெறும் தகவல். மூன்றாவது வாரத்தில் ஆறுதல். மே நடுவில் அதையே யாராவது சொன்னால் மேசையில் இருக்கும் மற்றவர்கள் முறைப்பார்கள்.

நேஷனல்ஸ் ரசிகர்களுக்கு அந்த வருடம் முதல் வாரமே மூன்றாவது வாரம் மாதிரி இருந்தது. ஏழு வருடம் எங்களுக்கு ஆடிய பிரைஸ் ஹார்ப்பர், மார்ச் ஆரம்பத்தில்தான் பிலடெல்ஃபியாவோடு 13 வருடத்துக்கு 330 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போயிருந்தார். ஏப்ரல் 2ஆம் தேதி எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு அதே ஸ்டேடியத்துக்கு வந்தார். நானும் போயிருந்தேன். மழை, குளிர். ஹார்ப்பர் மட்டையோடு வந்தபோது எழுந்த கூச்சல் மாதிரி அந்த மைதானத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதல் இரண்டு தடவை எங்களுக்குப் பந்து வீசிய மேக்ஸ் ஷெர்ஸர் அவரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) ஆக்கியபோது ஏதோ கோப்பையையே வாங்கிவிட்ட மாதிரி குதித்தோம். கடைசியில் ஹார்ப்பர் ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்து, மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நிதானமாகச் சுற்றி வந்தார். 8-2 என்று தோற்றோம். அதே ஆட்டத்தில் எங்கள் ட்ரே டர்னர், பந்தைத் தட்டிவிட்டு ஓடலாம் என்று மட்டையைக் குறுக்கே பிடித்தபோது பந்து விரலில் பட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் அவர் இல்லை. இது நான்காவது ஆட்டமா, ஐந்தாவது ஆட்டமா என்றுகூடத் திரும்பும்போது ரயிலில் யாருக்கும் நினைவில்லை. ஐம்பதாவது ஆட்டம் மாதிரி இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து சேர்ந்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி போட்டால் பேஸ்பால்தான். இரண்டு அணிகளின் ஆட்டமும் அப்போது இங்கே மாசன் சேனல்களில்தான் வந்தது. ரேடியோ கமென்ட்ரி காலத்திலிருந்தே கிரிக்கெட் கேட்டவர் என்பதால் நாலு நாளில் அம்மாவுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், அம்மா கேட்டார்: "இவனை ஏன்டா கொண்டாந்தாங்க? முன்னாடி போட்டவன் நல்லாத்தானே போட்டுக்கிட்டு இருந்தான்?"

அந்த வசந்த காலத்தில் வாஷிங்டன் நகரமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், நூறு பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் களைத்துவிடுவார். அப்புறம் ஓரத்தில் புல்பென் என்ற இடத்தில் காத்திருக்கும் மாற்றுப் பிட்ச்சர்கள் ஒவ்வொருவராக வந்து மீதி இன்னிங்ஸைக் காப்பாற்ற வேண்டும். நேஷனல்ஸிடம் தொடங்குவதற்கு ஷெர்ஸர், ஸ்ட்ராஸ்பர்க், கோர்பின் என்று அசலான ஆட்கள் இருந்தார்கள். காப்பாற்றுவதற்குத்தான் ஆள் இல்லை. ஷான் டூலிட்டில் ஒருவரை நம்பலாம். அவர் கைக்குப் பந்து போய்ச் சேருவதற்குள் ஆட்டம் போய்விடும். கல்யாண வீட்டில் சமையல் அருமையாக அமைந்து, பரிமாற வந்தவர்கள் சாம்பார் வாளியைப் பந்தியில் கவிழ்ப்பது மாதிரி. மே 2ஆம் தேதி பிட்ச்சிங் பயிற்சியாளரை வேலையிலிருந்து எடுத்தார்கள். வாளி கவிழ்வது நிற்கவில்லை.

மேசையில் எங்களோடு ஒரு கணக்குப் பையன் இருந்தான். புள்ளியியல் படித்தவன். யாராவது புலம்ப ஆரம்பித்தால் நாணயத்தை எடுத்துவிடுவான். "ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டுங்கள். ஏழோ அதற்கு மேலோ தலை விழ 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லீகில் 30 அணி. எல்லா அணியும் சரிசமம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்து அணி முதல் பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்து 'ஆகா' என்று இருக்கும். இன்னொரு ஐந்து அணி ஏழு தோற்று 'ஐயோ' என்று இருக்கும். ரெண்டுக்கும் அர்த்தம் கிடையாது."

கணக்கு சரிதான். நானே வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். பையனிடம் எனக்கிருந்த சண்டை வேறு. நாங்கள் ஏதோ ஜோசியம் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், அதைத் திருத்துவது தன் பொறுப்பென்றும் அவன் நினைத்தான். தினமும் ராத்திரி மூன்று மணி நேரம் ஒருவன் கண்ணெதிரே ஒன்று நடக்கிறது. மறுநாள் மதியம் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவான்? மழை பெய்யும்போது மழையைப் பற்றிப் பேசுகிறவனிடம் வருடாந்திரச் சராசரி மழையளவைக் கொண்டுவந்து நீட்டினால் அவன் என்ன செய்வான்?

ஆனால் அவன் சொன்ன ஒரு கதை எனக்கு மறக்காது. 1994 ஏப்ரல் 4, சிகாகோ கப்ஸ் அணிக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம். டஃபி ரோட்ஸ் என்று அதிகம் பேர் அறியாத ஆட்டக்காரர். எதிரே பந்து வீசுகிறவர் டுவைட் குடன், பெரிய பெயர். ரோட்ஸ் முதல் மூன்று வாய்ப்பிலும் ஹோம் ரன் அடித்தார். அந்தக் கணக்கில் போனால் வருடத்துக்கு நானூற்றைம்பது ஹோம் ரன் தாண்டும். சீசன் முடிவில் அவர் அடித்திருந்தது மொத்தம் எட்டு. மூன்று ஹோம் ரன் அடித்த அந்த ஆட்டத்திலும் கப்ஸ் 12-8 என்று தோற்றது. பையன் அதோடு நிறுத்திக்கொண்டான். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. ரோட்ஸ் ஜப்பானுக்குப் போனார், அங்கே 464 ஹோம் ரன் அடித்தார், 2001இல் ஒரே சீசனில் 55 அடித்து, சடஹாரு ஓ என்ற ஜப்பான் ஜாம்பவானின் சாதனையைத் தொட்டார். அந்த முதல் நாள் பொய் சொல்லவில்லை, ஊரைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஓரியோல்ஸின் நாலுக்கு ஒன்று வெகுநாள் நீடிக்கவில்லை. ஏப்ரல் நடுவில் அந்த அணியைப் பற்றிப் பேச இருந்தது ஒரே விஷயம்: கிறிஸ் டேவிஸ். ஏழு வருடத்துக்கு 161 மில்லியன் டாலர் வாங்குகிறவர், முந்தைய செப்டம்பரிலிருந்து ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு ஓடி அவுட் ஆகாமல் தளத்தை எட்டுகிற அடி) அடிக்கவில்லை. நாற்பத்தாறு வாய்ப்பைத் தாண்டியபோது சாதனை. ஐம்பது தாண்டியது. கடைசியில் 54. ஏப்ரல் 13ஆம் தேதி பாஸ்டனில் ஒரு ஹிட் அடித்தபோது எதிரணி ஊரிலேயே கைதட்டினார்கள். திங்கட்கிழமை பால்டிமோர்க்காரர் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். அணி தோற்பதற்குப் பழகிய மனுஷன், ஒரு ஆள் பந்தைத் தொட்டதற்கு விருந்து வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் நாங்கள் ரொம்பவே துவண்டுபோயிருந்த ஒரு நாளில்தான் அவர் 1988ஐ எடுத்தார்.

அது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருக்கிற கதை. இருந்து பார்த்த ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஐந்து வருடத்துக்கு முன்பு உலகத் தொடர், அதாவது சீசனின் இறுதிக் கோப்பை, ஜெயித்த அணி. நட்சத்திர ஆட்டக்காரர்கள் கால் ரிப்கன் இருந்தார், எடி மரே இருந்தார். மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், ரிப்கனின் அப்பா. தம்பி பில்லியும் அணியில். ஏப்ரல் 4, சொந்த மண்ணில் முதல் ஆட்டம், மில்வாக்கியிடம் 12-0 தோல்வி. இப்பதானே ஆரம்பிச்சிருக்கு. ஆறு ஆட்டம் ஆறும் தோல்வி. அதோடு அப்பாவை எடுத்துவிட்டார்கள், மகன்கள் இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே. அந்த இடத்துக்கு ஃபிராங்க் ராபின்சன் வந்தார். தோல்வி தொடர்ந்தது. அதுவரை சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து தோற்றதற்கான சாதனை 13 ஆட்டம். அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளூர் ரேடியோவில் ஒரு அறிவிப்பாளர், அணி ஜெயிக்கும் வரை மைக்கை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்தார். 258 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மாளிகையிலிருந்து அதிபர் ரீகன், ராபின்சனுக்கு போன் செய்து ஆறுதல் சொன்னார். 21 ஆட்டம். 22ஆவது ஆட்டம் ஏப்ரல் 29ஆம் தேதி சிகாகோவில், அதில் 9-0 என்று ஜெயித்தார்கள்.

"தினமும் என்ன பேசிக்கொள்வீர்கள்?" என்று கேட்டேன்.

"இதேதான். பிட்ச்சர் சரியில்லை, குளிர் அதிகம், இப்பதானே ஆரம்பிச்சிருக்கு. இருபதாவது தோல்விக்கு அப்புறமும் என் அண்ணன் அதைச் சொன்னான். அவன் கேலிக்குச் சொல்லவில்லை."

அவர் சொல்ல விரும்பியது உண்மையில் அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றித்தான். ஒரு வெற்றி, 23 தோல்வியோடு அணி ஊர் திரும்பியது. மே 2, திங்கட்கிழமை ராத்திரி. மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர். அவரும் அண்ணனும் அதில் இருவர்.

வெளியூர்க்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள், தோற்ற அணிக்கு இத்தனை கூட்டமா என்று. அவர் அதை மறுத்தார். அதற்கு நாலு வருடம் முன்பு, 1984 மார்ச் மாத ராத்திரி ஒன்றில், பனி கொட்டும்போது, பால்டிமோரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான கோல்ட்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் லாரிகளில் சாமானை ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டது. ஊர் காலையில் எழுந்து பார்த்தபோது அணி இல்லை. "ஜெயிக்கிறார்களா தோற்கிறார்களா என்பதா எங்களுக்குப் பிரச்சினை? இவர்களும் போய்விடுவார்களோ என்றுதான் பயம். அதனால் போய் உட்கார்ந்தோம்." அன்று ராத்திரி ஓரியோல்ஸ் ஜெயித்தது. புது ஸ்டேடியத்துக்கான நீண்டகால ஒப்பந்தமும் அன்றுதான் மைதானத்தில் அறிவிக்கப்பட்டது. இன்றைக்குக் கேம்டன் யார்ட்ஸ் என்று எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிற ஸ்டேடியம் அதிலிருந்து வந்ததுதான். சீசன் முடிவு? 54 வெற்றி, 107 தோல்வி. ஏப்ரல் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அன்று சாப்பாடு முடிந்து எழுந்தபோது, எங்களை ஆறுதல்படுத்தினாரா பயமுறுத்தினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

மே மாதம் நாலாவது வாரம் நியூயார்க்கில் மெட்ஸ் அணியோடு நாலு ஆட்டம். நாலும் தோல்வி. கையில் இருந்ததைக் கடைசி நேரத்தில் கோட்டைவிட்ட தோல்விகள். கடைசி ஆட்டம் 23ஆம் தேதி வியாழக்கிழமை பகலில். வேலை நேரம் என்பதால் போனைக் கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் ஹோவி கெண்ட்ரிக் ஸ்ட்ரைக் அவுட் ஆகி, அம்பயரோடு வாய்த்தகராறில் வெளியேற்றப்பட்டார். மேனேஜர் டேவ் மார்டினெஸ் ஓடி வந்து, தொப்பியைத் தரையில் வீசி, அவரும் வெளியேற்றப்பட்டார். அதே இன்னிங்ஸில் எங்கள் புல்பென்னிலிருந்து வந்தவர் மெட்ஸின் கார்லோஸ் கோமஸுக்கு மூன்று ரன் ஹோம் ரன் கொடுத்தார். முடிந்தது. 50 ஆட்டம், 19 வெற்றி, 31 தோல்வி.

அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. மே கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே வரும் வரை புள்ளிப்பட்டியலைப் பார்க்காதே, அதற்கு அப்புறம் பார்ப்பது உண்மை. எங்களுக்கு அந்த நாளுக்கு இன்னும் நாலே நாள். கணக்குப் பையன்கூட நாணயத்தை வெளியே எடுக்கவில்லை. நானேதான் கேட்டேன். 50 தடவை சுண்டினால் 19 அல்லது அதற்குக் கீழே தலை விழ 6 சதவீதம்தான் என்றான். "எனக்கே இப்ப சந்தேகமாத்தான் இருக்கு." மேனேஜரை மாற்று, ஷெர்ஸரை விற்றுவிட்டு இளம் பையன்களை வாங்கு என்று மேசை முழுக்கப் பேச்சு. நானும் விற்கச் சொன்ன கட்சிதான். பால்டிமோர்க்காரர் மட்டும் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். நாலுக்கு ஒன்று என்று ஆரம்பித்த அவர் அணி எங்களுக்கும் கீழே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா டிவியை அணைத்துவிட்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தினம் தோக்கறதுக்கு இவங்களுக்குச் சம்பளம் வேறயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு யாரோட?" என்றார். மயாமி என்றேன். "சரி, அவங்க எப்படி?" "எங்களைவிட மோசம்." "அப்பச் சரி."

அதற்கப்புறம் நடந்தது பேஸ்பால் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த 112 ஆட்டத்தில் 74 ஜெயித்தார்கள். மொத்தம் 93. ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்ற வைல்ட் கார்டில் மில்வாக்கியை எட்டாவது இன்னிங்ஸில் வான் சோட்டோ அடித்த அடியில் தாண்டினார்கள். டாட்ஜர்ஸை ஐந்தாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில், செயின்ட் லூயிஸை நாலுக்குப் பூஜ்யம். ஹூஸ்டனோடு உலகத் தொடர் ஏழு ஆட்டம் போனது, ஏழிலும் வெளியூர் அணிதான் ஜெயித்தது. அக்டோபர் 30, கடைசி ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், வலது ஓரக் கம்பத்தில் பட்டு விழுந்த ஹோம் ரன்னை அடித்தவர் யார் தெரியுமா? மே 23 அன்று வெளியேற்றப்பட்ட அதே கெண்ட்ரிக். வாஷிங்டன் நகரம் 1924க்கு அப்புறம் பார்த்த முதல் உலகத் தொடர் கோப்பை.

இதைத் திரும்பச் சொல்லும்போது எல்லோரும் 19-31ஐ ஒரு படிக்கட்டு மாதிரி சொல்கிறார்கள். அங்கிருந்து இங்கே வந்தோம், நம்பிக்கை வீண்போகவில்லை என்று. நான் அங்கே இருந்தேன். படிக்கட்டாக எல்லாம் தெரியவில்லை. டர்னரின் விரல் ஆறியது, புல்பென்னில் சில ஆட்கள் மாறினார்கள் என்று இப்போது காரணம் அடுக்கலாம். அந்த வியாழக்கிழமை மாலை, 1988இன் மேசையும் 2019இன் மேசையும் உள்ளே உட்கார்ந்து பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். அதே பிட்ச்சர் புலம்பல், அதே குளிர், அதே 'இப்பதானே'. ஒன்று 54 வெற்றிக்குப் போனது, ஒன்று கோப்பைக்குப் போனது. ஷெர்ஸரை விற்கச் சொன்னவன் நான் என்பதால் இதில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மா செப்டம்பர் கடைசியில் ஊருக்குத் திரும்பியிருந்தார். கடைசி ஆட்டம் முடிந்தபோது இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது, திருச்சியில் காலை ஒன்பது தாண்டியிருந்தது. போன் செய்து ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். எதிர்முனையில் குக்கர் விசில். "யாரு, நம்ம ஆளுங்களா?" என்றார். நம்பாத மாதிரி ஒரு இடைவெளி. அப்புறம், "அந்த பால்டிமோர்க்காரர் அணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

54 வெற்றி, 108 தோல்வி. மறுநாள் மேசையில் அவர்தான் முதலில் எழுந்து எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார், ஆரஞ்சுத் தொப்பியோடு. "1988லும் 54, இந்த வருஷமும் 54. நாங்கள் ஒரு தரத்தைக் கட்டிக் காப்பாற்றுகிறோம்" என்றார்.

அடுத்த ஏப்ரலில் அந்த மேசையே இல்லை. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. ஸ்டேடியங்கள் மூடிக் கிடந்தன, சீசன் ஜூலையில்தான் ஆரம்பித்தது, அதுவும் 60 ஆட்டம். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், அலுவலகக் கூட்டத்தின் நடுவில், என் போனில் பால்டிமோர்க்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது:

"மாதம் முடியப்போகிறது. ஓரியோல்ஸ் இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை."